சோஃபி நாள் கழிந்த மறுநாள்

வேலியோரத்து லாவெண்டர் பனியில் புதைந்தாலும் அலட்டிக்கொள்ளாது. தொட்டியில் இருக்கிற இந்த மகாராணிக்குத்தான் ஒரு ராத்திரி உறைபனி பட்டாலே கதை முடிந்தது. வெண்டலின் ஆசை ஆசையாக வளர்த்த செடி. பக்கவாதம் வந்து அவர் சன்னலோரக் கட்டிலோடு கிடந்த பிறகு, மாலையில் தொட்டியை உள்ளே இழுப்பதும் காலையில் வெளியே தள்ளுவதும் மனைவி இர்மெலாவின் தலையில் விழுந்தது. அவரைத் தூக்கி உட்காரவைப்பதும், துடைத்துவிடுவதும், ராத்திரியில் புரட்டிப் படுக்கவைப்பதும் அவள்தான். வேறு ஆள் கை பட்டால் அவருக்கு ஆகாது.

குளிர்காலத்துக்கு மட்டுமாவது அவரைப் பராமரிப்பு இல்லத்தில் விடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் முதலில் விழுந்துவிடுவீர்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அலுத்துப் போயிருந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

செடியையாவது அனுப்பிவிடலாம் என்று நாற்றுப்பண்ணைக்காரர் லோட்ஸை வரச் சொன்னாள். ஊரில் பாதிப் பேருடைய தொட்டிகள் அவருடைய கண்ணாடிக் கூடத்தில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. திறந்திருந்த சன்னலுக்குக் கீழே நின்று அவர் இலைகளைப் புரட்டிப் பார்த்தார்.

“தண்ணிய ஊத்தி ஊத்தியே கொல்லப் பாத்திருக்கீங்கம்மா. ஹீட்டர் பக்கத்துல வேற வச்சீங்களா?”

“வாடிடுமோன்னு பயம். தினமும் ஊத்துனேன்.”

“இது இப்ப தூங்கணும். நல்ல வெளிச்சம், லேசான குளிர், எப்பவாவது கொஞ்சம் தண்ணி. அவ்வளவுதான். மே மாசம் உறைபனி திரும்பி வர்ற பனிப் புனிதருங்க நாளெல்லாம் முடிஞ்சு, கடைசியா அந்தக் குளிர்காரி புனித சோஃபியோட நாளும் போனப்புறம் நானே வாசல்ல கொண்டாந்து வைக்கிறேன்.”

தொட்டியில் பெயர்ச்சீட்டைக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இர்மெலா உள்ளே வந்தாள்.

“நிஜமாவே திருப்பிக் கொண்டு வருவானா?” வெண்டலினுக்குப் பேச்சு குழறியது.

“வருசா வருசம் எல்லாருக்கும் கொண்டு வந்து குடுக்கறாரே.”

அவர் சன்னலிலிருந்து முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“அப்ப எனக்கும் ஒரு சீட்டு கட்டு. டாக்டர் உங்கிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. கால்தான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு.”

இர்மெலா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அதெல்லாம் வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“சோஃபி நாள் கழிஞ்ச மறுநாள் காலையிலயே வந்து கூட்டிட்டு வந்துடுவேன்,” என்றாள்.

“செடி வர்றதுக்கு முன்னாடி வா,” என்றார் வெண்டலின்.