ஏழாம் குழியை எங்கே வைப்பது

1

இந்தக் கதை எனக்குப் புல்தரையில் கிடைத்தது. ஸ்காட்லாந்தில், கில்ராக்கி நகராட்சியின் கோல்ஃப் மைதானத்தில், ஏழாம் கொடிக்கு அருகே, முந்தைய நாளின் குழியை மூடிய தடம் தேநீர்க் கோப்பையின் வாயளவு வளையமாகத் தெரிந்தது. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எழுதத் தோன்றியது.

அந்தத் தடங்களை உண்டாக்குபவர் மைதானக் காவலர் டூகல் ரென்னி. முப்பத்தோராண்டுகளாக அவருடைய காலை ஒரே விதமாகத்தான் விடிகிறது. ஆறு மணிக்குக் குழிவெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்குவார். கொடி நிற்கும் புல்வட்டங்கள் பதினெட்டு. ஒவ்வொன்றிலும் கொடியைப் பிடுங்கி, சில அடி தள்ளிப் புதுக் குழி வெட்டுவார். வெட்டியெடுத்த மண்கட்டியைப் புல் கலையாமல் கொண்டுபோய்ப் பழைய குழியில் பொருத்திக் காலால் ஒருமுறை அழுத்துவார். குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும்; ஆகவே அது நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். குழிவெட்டியை வேறொருவர் கைபட அவர் விட்டதில்லை.

(கதை எழுதுவதும் இப்படித்தான் என்று இங்கே ஒரு வரி வைத்திருந்தேன். வகுப்பறை வாடை அடித்ததால் பிடுங்கிவிட்டேன். தடம் தெரிகிறதா?)

2

முதலில் இதை விலங்குக் கதையாகத் தொடங்கினேன். ‘ஒரு பச்சைக் குன்றின் மேல் ஒரு முயல் வாழ்ந்தது. குன்றின் புல் முழுவதும் தனக்கே உரியதென்று அது எண்ணியிருந்தது. ஒருநாள் மற்ற விலங்குகளெல்லாம்’

அங்கேயே நிறுத்திவிட்டேன். புல்வட்டங்களைத் தோண்டிக் கெடுக்கும் முயல்கள் டூகலின் பரம எதிரிகள். அவரையே முயலாக்குவது நியாயமன்று. மனிதர்கள் மனிதர்களாகவே இருக்கட்டும்.

மைதானம் இளைத்துப் போயிருந்தது. மழைநாட்களில் ஆட்களைவிடக் கொடிகள் அதிகம். ஆடாத ஊர்மக்களுக்கும் இந்த மைதானம் வேண்டும் என்று தெரிந்தாலொழிய, செப்டம்பர் கூட்டத்தில் அதை மூடி வீடு கட்டக் கொடுத்துவிடுவதென்று நகராட்சி அறிவித்தது. அப்போதுதான் பள்ளிச் சமையலறையை நடத்தும் ரோனா கார்கில் ஒரு யோசனையோடு வந்தார். ஒன்பது குழி ஆட்டத்துக்கு. மீதி நிலம் நாயோடு நடப்பவர்களுக்கும், பனிக்காலத்தில் சறுக்கும் பிள்ளைகளுக்கும். ஆட்டக்காரர்கள் இளைப்பாறும் மனையில் எல்லாருக்கும் சூப். அதற்கு முன்னோட்டமாக, ஆகஸ்டில் ஒரு ஞாயிறு ஊர் முழுவதையும் அழைத்துப் பந்து தட்டச் செய்வது.

“பாதி மைதானத்த நாய்ங்களுக்குக் குடுத்துடணுங்கற” என்றார் டூகல்.

“முழுசையும் வீடு கட்டுறவனுக்குக் குடுக்கறதுக்கு இது தேவல, டூகல்.”

“என் புல்லு மேல சறுக்குவண்டி ஓட்டுவாங்க.”

“பனியில உன் புல்லு தூங்கிட்டுதான கெடக்கும். எந்திரிச்சு வந்து உன்கிட்ட புகாரா சொல்லப் போவுது?”

“நீ ஒரு தடவையாச்சும் மட்டையத் தொட்டிருக்கியா?”

“கரண்டியத் தொட்டிருக்கேன். முந்நூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுறவளுக்கு ஒரு பந்தக் குழியில தள்ள வராதா?”

3

அந்த ஞாயிறன்று காலை டூகலின் உள்ளத்தில் பொறாமை என்னும்

இல்லை. பொறாமை என்ற சொல் அவருக்குப் பொருந்தவில்லை. அவரைக் கெட்டவராக எழுத மூன்றுமுறை முயன்றேன். ஒவ்வொருமுறையும் அவர் குனிந்து ஒரு களையைப் பிடுங்கிக் காரியத்தைக் கெடுத்துவிட்டார். அவருக்கு இருந்தது பயம். முப்பத்தோராண்டு தடவி வளர்த்த புல்லை ஊரே மிதிக்கப்போகிறதே என்ற பயம். செப்டம்பர் தொலைவில் இருந்தது; ஊரின் கால்கள் அன்றே வந்துகொண்டிருந்தன.

ஆகவே அன்று பதினெட்டுக் குழிகளையும் இருப்பதிலேயே கொடிய இடங்களில் வெட்டினார். சரிவின் விளிம்பில், மேட்டின் நெற்றியில், தொட்ட பந்து தங்காத இடங்களில். தேர்ந்த ஆட்டக்காரர்களே பல்லைக் கடிக்கும் இடங்கள் அவை.

ஊர் திரண்டு வந்தது. ஏழாம் புல்வட்டத்தில் நான்தான் கொடியைப் பிடித்திருந்தேன். ரோனா தட்டிய பந்து மெல்ல மேடேறிற்று. குழியை எட்டிப் பார்த்தது. மனத்தை மாற்றிக்கொண்டு அவர் காலடிக்கே உருண்டு வந்தது. பதினொருமுறை. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு குழந்தைவண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நண்பகலில் சூப் பானை நிறைந்தபடியே இருந்தது.

“ஊருக்கு இதுல நாட்டமில்லன்னு தெரியுது” என்று சொல்லிவிட்டு, பார்வையிட வந்திருந்த நகராட்சிக் குழுத் தலைவி குறிப்பேட்டை மூடினார்.

டூகல் மகிழ்ந்திருக்கவேண்டும். அதற்குள் ரோனா பந்தை முன்றானைத் துணியில்

(ஸ்காட்லாந்துச் சமையற்காரிக்கு முன்றானை ஏது? என் கைப்பழக்கம். திருத்துகிறேன்.)

ரோனா பந்தைச் சமையல் மேலங்கியில் துடைத்து டூகலின் உள்ளங்கையில் வைத்தார். “நல்ல புல்லு, டூகல். எங்களுக்குத்தான் கை வரல.”

ரோனாவுக்குச் சந்தேகமே எழவில்லை. டூகலின் கையில் அந்தப் பந்து கனத்தது.*

* அடிகள் குறைந்தவரே வெல்லும் இந்த ஆட்டத்தை எவரும் உடன் வந்து கண்காணிப்பதில்லை. புதர் மறைவில் கால்பட்டுப் பந்து நகர்ந்தால், பார்த்தவர் எவரும் இல்லாவிட்டாலும், ஆடுபவர் தாமே அதைச் சொல்லித் தம் அட்டையில் ஓர் அடி கூட்டிக்கொள்வார். பதினேழு வயதில் டூகல் ஊர்க் கோப்பையை இப்படி ஓர் அடியில்தான் இழந்தார். அதற்காக அவர் வருந்தி எவரும் பார்த்ததில்லை.

4

இங்கிருந்து இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் டூகல் வாய் திறப்பதில்லை. செப்டம்பரில் மைதானம் மூடப்படுகிறது. அவர் ஆறு மணிக்கு எழுந்து, போக இடமின்றிச் சன்னலருகே நிற்கிறார். கட்டுக்கோப்பான முடிவுதான். ஆனால் மேற்படி அடிக்குறிப்பை எழுதியபின் அது பொய்யாகிவிட்டது. மற்றதில் ரோனாவே கண்டுபிடித்துக் கடைத்தெருவில் அவரை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். எழுத இனிமையாக இருந்தது; இருந்தாலும், தாமே ஒப்புக்கொள்ளும் வாய்ப்பை டூகலிடமிருந்து அது பறித்துவிட்டது. இரண்டையும் கிழித்தேன்.

திங்கட்கிழமை டூகல் பள்ளிச் சமையலறைக்குப் போனார்.

“ரோனா, என் கணக்குல ஒரு அடி கூட்டிக்க வந்திருக்கேன்.”

“என்னாத்துக்கு? உருளைக்கெழங்கு உரிச்சிட்டிருக்கேன், சட்டுனு சொல்லு.”

“நேத்து பந்து திரும்பித் திரும்பி வந்துச்சே. உன் கையில குத்தமில்ல. குழிய அப்படி வச்சது நான்தான். வேணும்னே வச்சேன்.”

ரோனா ஒரு கிழங்கை முழுதாக உரித்து முடித்தார்.

“பதினெட்டையுமா?”

“பதினெட்டையும்.”

“ஒண்ணு ரெண்டோட நிறுத்தியிருக்கலாம்ல. வஞ்சகம் பண்ணாலும் அதயும் ஒழுங்காப் பண்ணணும் உனக்கு.” கத்தி அடுத்த கிழங்கின் மேல் நின்றது. “பிள்ளைங்க அழுதுகிட்டே போச்சுங்க, டூகல்.”

“பாத்தேன்.”

“பாத்தல்ல.”

“இப்ப நேரா தலைவியம்மாகிட்டதான் போறேன். இதயே அவங்ககிட்டயும் சொல்லிட்டு, வர்ற ஞாயிறு இன்னொரு தடவ பாக்கச் சொல்லிக் கேக்கப்போறேன். ஊர்ல வீடு வீடாவும் போய்ச் சொல்றேன்.”

“வருவாங்களா?”

“தெரியல.”

ரோனா பெருமூச்சு விட்டார். “அப்ப சூப்பு வைக்கவா, வேணாமா?”

“பெரிய பானையாவே வையி.”

5

தலைவி இசைந்தார். டூகலும் அந்த வாரம், முதன்முறையாகக் குழிகளை நகர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டு, ஊரின் கதவுகளையெல்லாம் தட்டினார். சிலர் தேநீர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள்.

ஞாயிறு, காலை ஆறு மணி. கடல்மூட்டம் மைதானத்தை மூடியிருந்தது. தொலைவில் ரோனாவின் பானை மணத்தது. ஆறு குழிகளைத் தாழ்வான, இரக்கமுள்ள இடங்களுக்கு மாற்றிவிட்டு ஏழாம் புல்வட்டத்துக்கு வந்த டூகல், ரோனாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்ததும் குழிவெட்டியின் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பினார்.

“இத எங்க வைக்கறதுன்னு நீயே சொல்லு. நீயே வெட்டு.”

“நானா? கோணலாப் போயிடப்போவுது.”

“போவட்டும்.”

ரோனா புல்வட்டத்தை ஒருமுறை சுற்றிவந்தார். ஒரு பந்தைக் காலால் உருட்டி, அது எங்கே தானாகப் போய் நிற்கிறதென்று பார்த்தார். பிறகு ஓரிடத்தில் நின்று, முழு உடல் கனத்தையும் சாய்த்து அழுத்தினார்.

எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. கீழே சாலையில் காலடியோசை கேட்கிறது. நாயோடு வரும் ஒருவருடையதா, ஊருடையதா என்று மூட்டத்தில் தெரியவில்லை. அதையும் என்னிடம் கேட்காதீர்கள். மேடேறி வருபவர்கள் நீங்கள்தானே. எத்தனை பேர் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நான் பார்த்தது இவ்வளவே. ரோனா வெட்டியெடுத்த மண்கட்டி சற்றுக் கோணலாகத்தான் வந்தது. டூகல் அதை இரு கைகளிலும் ஏந்திச் சரிவின் விளிம்புக்குப் போனார். முழந்தாளிட்டு, தாம் வெட்டிய குழியில் அதைப் பொருத்தினார். காலால் அழுத்தவில்லை. உள்ளங்கையால் அழுத்தினார்.