கண்ணாடித் தட்டில் இரண்டு சொட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். மருந்துக்கடை வரிசையில் இருமல் மருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைக்க மறந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். தன் முறை வந்ததும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

"நீங்க வாங்கிக்குங்க. எனக்கு அவசரமில்ல."

நான் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். முழுசாக நகரவில்லை. கதை எழுதுகிறவர்கள் காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. இருமல் மருந்துப் பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்கிற பாவனையில் ஓரமாக நின்றுகொண்டேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த ஜெல்லு இருக்குல்ல, வழுவழுப்புக்குப் போடுறது. அதுல தண்ணியில செஞ்சது நல்லதா, சிலிக்கான் நல்லதா?"

கடையில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தவில்லை. யார் கேட்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்க்கவும் இல்லை. தலைவலி மாத்திரையை எப்போது போடுவது என்று சொல்கிற அதே குரலில் பதில் சொன்னார். அந்தக் குரலுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் வரவில்லை. முயன்று பார்த்தவற்றை அழிக்காமல் வைக்கிறேன்.

"உடலின் பருவங்கள் மாறும்போது உள்ளமும்—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

"அவளுக்கு மாதவிலக்கு நின்று சில காலம் ஆகியிருந்தது. அதன்பின் கணவர் நெருங்கும்போதெல்லாம் அவளுக்கு—"

இங்கே பேனா நின்றது. அடுத்து வரவேண்டிய சொல் எனக்குத் தெரியும். ஆனால் வாடிய கொடி, வற்றிய ஆறு என்று எதையெதையோ பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. "வலித்தது." அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டேன்.

"லிஃப்ட்காரர் தன் சொந்தப் படுக்கையறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர ஆரம்பித்திருந்தார்."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளுக்கு அவரைத் தெரியும். மனைவி தையல்காரி; வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள். புதுத்துணி தைப்பதில்லை, திருத்திக் கொடுப்பாள். இடுப்புப் பிடித்தால் தளர்த்திக் கொடுப்பாள், ஜிப்பு போனால் மாற்றுவாள், அப்பாவின் கோட்டைப் பிள்ளைக்குப் பொருந்த வெட்டித் தருவாள்.

வலியை அவள் கணவரிடம் சொல்லவில்லை. முதுகு வலிக்கிறது, கட்டாந்தரை மாதிரி கட்டிலில் படுத்தால்தான் ஆகிறது என்று தையல் அறைக் கட்டிலுக்கு மாறிக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. ஒரு லிஃப்ட் நின்றுபோனால் கதவில் காதை வைத்து, எங்கே சிக்கியிருக்கிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற மனுஷர்தான். மனைவி விலகியதும், தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று தானாக முடிவுகட்டி, மரியாதையாக ஒதுங்கிவிட்டார். அவள் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தால், உள்ளே போய்ச் சட்டை எடுக்கக்கூடக் கதவைத் தட்டினார்.

ஒருநாள் வாய்தவறி அவளும் கேட்டுவிட்டாள்.

"யாரு?"

"நாந்தான்."

வீட்டில் வேறு ஆள் கிடையாது. மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இது இப்படியே போனால் மிச்ச வாழ்க்கை முழுக்கத் தட்டித் தட்டித்தான் போகும் என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. பயமாக இருந்தது. டாக்டரிடம் போனாள். டாக்டர் சோதித்துப் பார்த்தார். நோய் ஒன்றுமில்லை, வயதினால் வரும் வறட்சிதான், ஜெல் ஏதாவது வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

[எந்த ஜெல் என்று கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். கதைக்கு அது வசதி. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.]

4

இப்போது மருந்துக்கடை. இந்தப் பேச்சில் என் கைவேலை குறைவு.

"ரெண்டும் நல்லதுதாம்மா," என்றார் கடைப்பெண். "தண்ணியில செஞ்சது கழுவினா போயிடும், துணியில கறை வைக்காது. ஆனா சீக்கிரம் காஞ்சிடும். காஞ்சா ரெண்டு சொட்டுத் தண்ணி தொட்டுக்கலாம், இல்ல மறுபடி போட்டுக்கலாம். வாசனை சேர்த்தது, சூடேத்துறதுன்னு எழுதினது மட்டும் வேண்டாம், எரியும். சிலிக்கான்னா கொஞ்சம் போட்டாலே ரொம்ப நேரம் நிக்கும். வறட்சி ஜாஸ்தின்னா சிலருக்கு அதுதான் சுகமா இருக்கும். ஆனா சோப்பு போட்டுத்தான் கழுவணும், படுக்கை விரிப்புல கறை நிக்கும், தரையில சிந்தினா வழுக்கும், பாத்து நடக்கணும்."

"சரி."

"ஆணுறை போட்டா ரெண்டுமே ஒத்துக்கும், எண்ணெய்தான் ஆகாது. அப்புறம், படுக்கையில சுகத்துக்குன்னு சிலிக்கான்ல செஞ்ச பொருள் ஏதாவது வச்சிருந்தீங்கன்னா அதுக்கு இந்த சிலிக்கான் சேராது, தண்ணியில செஞ்சதுதான்."

"பொருளா?"

"இருந்தா, அப்படின்னு சொன்னேன்."

"இல்லம்மா," என்றாள் தையல்காரி. அளவு நாடாவை அப்போதுதான் கவனித்து அவசரமாகச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள்.

"போட்டும் வலிச்சா, ரத்தம் பட்டா, திரும்ப டாக்டர்கிட்ட போங்க. வேற மருந்தெல்லாம் இருக்கு. பொறுத்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்க."*

இரண்டிலும் சின்னதாக ஒவ்வொன்று வாங்கிக்கொண்டாள்.

* இந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சொன்னதல்ல. ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பல வேலைகளுக்கு உதவுகிறது.

5

விடுமுறை நாள் காலையில் இரண்டு பாட்டில்களையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அவள் நேராகச் சொன்னாள்.

"என்னங்க, எனக்கு வலிக்குது. அதான் அந்த ரூமுக்குப் போனேன். முதுகும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மேலயும் ஒண்ணும் இல்ல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

இங்கே அவர் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொள்வதாகத்தான் எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அப்படிச் செய்கிற ஆளாக இருந்தால் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கமாட்டார். அவர் பாட்டில்களை எடுத்து லேபிள்களைப் படித்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வெறுப்பு இல்லை, பழுதுதான். பழுதென்றால் அவருக்குக் கைவந்த விஷயம். ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் தண்ணி ஜெல்லில் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் சிலிக்கானில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் ஓரம் வைத்தார். வேலையில் புது எண்ணெய் வந்தால் இப்படித்தான் பார்ப்பார்.

"எதுக்குங்க?"

"சாயங்காலம் எது காயாம இருக்கோ அதுதான் நல்லது. ஒருதடவை போட்டா மறந்துடணும், அதான் எண்ணெய்க்கு அழகு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்து, அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

6

நாத்தனார் வருகிறார். லிஃப்ட்காரரின் அக்கா. இவரை வில்லியாக வைத்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்திருந்தேன். இந்த மாதிரிக் கதைக்கு ஒரு நாத்தனார் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் சூடு பிடிக்கும். அந்தப் பத்தியை எழுதியும் வைத்தேன்: "இந்த வயசுல உங்களுக்கு—" என்று தொடங்கும்.

ஆனால் அவர் வந்த வேகத்தில், திருத்தக் கொண்டுவந்த பாவாடையை ஓரமாகப் போட்டுவிட்டு, ஜன்னலோரத் தட்டை எச்சில் தட்டு என்று எடுத்துப் போய்க் கழுவ ஆரம்பித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

"ஏம்மா, இதுல என்ன ஊத்தி வச்சீங்க? ஒரு பக்கம் தண்ணி பட்டதும் போயிடுச்சு. இந்தப் பக்கம் தேய்க்கத் தேய்க்க வழுக்குது."

"அண்ணி, வைங்க அதை, நான் பாத்துக்கிறேன்."

தட்டைத் துடைக்கத் துணி தேடியவர் கண்ணில் பாட்டில்கள் பட்டன. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் படித்தார். முழுக்கப் படித்தார். தையல்காரிக்குக் காது சுட்டது. பாவாடையை எடுத்துத் பிரிக்க வேண்டாத தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நான் எழுதி வைத்த பத்தி தயாராக இருந்தது. நாத்தனார் வாயைத் திறந்தார்.

"இதெல்லாம் விக்கிறாங்களா?"

"விக்கிறாங்க அண்ணி."

"நான் எங்க வீட்டுக்காரர் மேலதாம்மா பழி போட்டேன். கிட்ட வந்தா எரிஞ்சு விழுவேன். அவரும் எத்தனை நாள் பொறுப்பாரு, கட்டிலை ஹாலுக்குக் கொண்டுபோய்ட்டாரு. இப்ப சாப்பிட வாங்கன்னு ஒரு பேச்சு, அவ்வளவுதான். எனக்கு உடம்புல என்னமோ கெட்டுப்போச்சுன்னே நெனச்சுட்டேன். யார்கிட்ட போய்க் கேக்க?"

தையல்காரிக்குத் தன் வீட்டுத் தையல் அறைக் கட்டிலும் அந்த ஹால் கட்டிலும் ஒன்றாகத் தெரிந்தன. மருந்துக்கடைப் பெண்ணை நினைத்துக்கொண்டாள். மனசுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

நாத்தனார் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எந்தக் கடை?"

[வில்லிப் பத்தியைக் கிழித்துவிட்டேன். அவருக்கு நான் கடன்பட்டவன். என் புத்தியைவிட அவர் நல்லவராக இருந்தார்.]

7

லிஃப்ட்காரர் திரும்பி வந்ததும் ஜன்னலைப் பார்த்தார். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"யாரு எடுத்தது?"

"நாந்தான்டா தம்பி," என்றார் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஒரு பக்கம் தேய்ச்சும் போகல."

"பாத்தியா," என்று மனைவி பக்கம் திரும்பினார். பரீட்சையில் தேறிய முகம். "அதான் சிலிக்கான். சந்தேகமே வேண்டாம்."

அக்கா படியிறங்கும்வரை தையல்காரி காத்திருந்தாள்.

"கண்ணாடிக்கு வலிக்காதுங்க."

அவர் கையிலிருந்த பையை இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.

"எது காயும், எது காயாதுன்னு தட்டு சொல்லிடும். எனக்கு எது ஒத்துக்கும்னு தட்டுக்கு எப்படித் தெரியும்? அப்புறம், ஒருதடவை போட்டா மறந்துடலாம்னு சொன்னீங்களே, அது லிஃப்ட்டுக்கு சரி. என்னை மறந்துட்டு ஒண்ணும் நடக்க வேண்டாம்."

அவர் பையைக் கீழே வைத்தார். தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"அப்ப தண்ணியா?"

"தெரியலைங்க. நிஜமாவே தெரியல. ரெண்டும் இருக்கு, போட்டுப் பாக்கலாம். நான் சொல்றதைக் கேளுங்க, அது போதும்."

"கேக்கிறேன்," என்றார். பிறகு, வெகுநாளாகக் கேட்டிருக்க வேண்டியதை அங்கேயே, பட்டப்பகலில், நின்ற வாக்கில் கேட்டார். "ரொம்ப வலிச்சுதா?"

"ம்," என்றாள். கண் கலங்கியது. சந்தோஷமாகவும் இருந்தது.

8

முடிவுகள்.

தண்ணி ஜெல் முடிவு: பாதியில் காய்ந்துவிடுகிறது. நிறுத்தவேண்டி வருகிறது. அவர் எழுந்துபோய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவருகிறார். குடிக்கவா என்று கேட்டு அவள் சிரிக்கிறாள். நிறுத்தின இடத்தில் அவர் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். இந்த ஜெல்லின் குறை என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

சிலிக்கான் முடிவு: அவள் வெட்டுத்துணிகளை ஒட்டி, ஓரம் அடித்து, கருப்பில் ஒரு விரிப்புத் தைத்திருக்கிறாள். கறை தெரியாது. நிறுத்தத் தேவையே வருவதில்லை. அவர் அப்படியும் நிறுத்திக் கேட்கிறார். பிறகு குளியலறையில், சிந்தின ஒரு சொட்டில் கால் வைத்து, கதவைப் பிடித்துத் தொங்குகிறார். "எச்சரிக்கைப் பலகை மாட்டுங்க," என்கிறாள் அவள்.

மூன்றாவது முடிவும் உண்டு. இரண்டும் போதவில்லை, வலி முழுக்கப் போகவில்லை. அவள் பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் திரும்பிப் போகிறாள். இந்தமுறை அவரும் கூடப் போகிறார். அடுத்தவரைக் கூப்பிட விடாமல் கேட்கவேண்டியதை எல்லாம் இரண்டு பேரும் கேட்கிறார்கள்.

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கும் தெரியாது. உங்கள் வீட்டுக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனார் எதை வாங்கினார் என்பதையும் உங்களிடமே விடுகிறேன். அவர் கடைக்குப் போனார், அது நிச்சயம்.

ஒன்றைமட்டும் எந்த முடிவிலும் மாற்றவிடமாட்டேன். ஒரு விடுமுறை நாள் மத்தியானம். தையல் அறைக் கட்டில்மேல் பிரிக்காத துணி மூட்டைகள் ஏறி உட்கார்ந்துவிட்டன; அங்கே இனிப் படுக்க இடமில்லை. அவள் படுக்கையறையில் இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது. அவர் அவசரமாகக் கூப்பிட்ட வேலையை முடித்துவிட்டு வந்து, நகக்கண்ணை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கதவுக்கு முன்னால் நிற்கிறார். பழக்கதோஷத்தில் தட்டக் கை தூக்குகிறார். தூக்கிய கையால் கதவைத் தள்ளித் திறக்கிறார்.

"நாந்தான்."

"தெரியும். வாங்க."