மார்லிஸ் கொண்டுபோன ஹாட்டிஷ்

ஞாயிறு மதியம். ஆவி பறக்கும் ஹாட்டிஷ் தட்டை ஏந்திக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள் மார்லிஸ். உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் அடுக்கி வேகவைத்த அந்தப் பதார்த்தம், எங்கள் அமெரிக்க நகரமான மின்னியாபொலிஸில் துக்க வீட்டுக்குத் தவறாமல் போகும்.

வெர்னிதா கதவைத் திறந்து தட்டைப் பார்த்தாள். "யாரு செத்தா?"

"யாரும் இல்ல. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு..." மார்லிஸின் கண் கலங்கியது.

"அம்மா தாயே, அழுதுடாத. அப்புறம் நான்தான் உன்னைத் தேத்தணும். ஆஸ்பத்திரி நர்ஸு எனக்கு இன்னிக்கு லீவு."

நடந்தது இதுதான். நூலகக் காவலாளி வெர்னிதாவைப் போன்ற கறுப்பர்களின் பையை மட்டும் திறந்து பார்க்கிறான் என்று நூலகக் குழுக் கூட்டத்தில் பேச இருந்தாள் அவள். அதை மார்லிஸிடம் நம்பிச் சொன்னாள். மார்லிஸ் வெள்ளைக்காரி, நல்லவள், நிறவெறி ஒழிக என்று வீட்டு முன்னால் பலகைகூட நட்டிருக்கிறாள். கூட்டத்தில் அவளே முந்திக்கொண்டு எழுந்து, "என் தோழி அவமானத்துல கூனிக் குறுகிப் போயிட்டா" என்று அழுது தீர்த்தாள். ஒரே கைதட்டல். "இந்த விஷயம்தான் கேட்டாச்சே" என்று தலைவர் வெர்னிதாவின் பெயரைத் தாண்டிப் போய்விட்டார். பைச் சோதனை அப்படியே தொடர்ந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றாள் மார்லிஸ்.

"எங்க வாயைத் திறந்தியோ அங்கயே போய்ச் சொல்லு. இந்தத் தட்டை எடுத்துட்டுப் போ."

மார்லிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் அந்த ஹாட்டிஷைத் தனியாகத் தின்றாள். மூன்றாம் நாள்தான் ஒரு கேள்வி குடைந்தது. வெர்னிதா அன்று என்னதான் சொல்ல இருந்தாள்? ஒரு தரம்கூடக் கேட்கவில்லையே!

அடுத்த கூட்டத்தில் மார்லிஸ் எழுந்தாள். "வெர்னிதா பேச வேண்டியதை அவங்களைக் கேக்காம நான் பேசினேன். அதனால அவங்க பேச முடியாமப் போச்சு. தப்பு என்னோடது. என் நேரத்தையும் அவங்களுக்கே குடுங்க." யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். "வேண்டாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வெர்னிதா கண்ணீர் விடவில்லை. ஒரு சின்ன நோட்டைத் திறந்தாள். பதினான்கு சனிக்கிழமைகள். எந்த நேரம், யார் பை திறக்கப்பட்டது, யாருடையது திறக்கப்படவில்லை என்று நிதானமாக வாசித்தாள். ஆறு இடத்தில் ஒரே வரி வந்தது: "எதிர்வீட்டு மார்லிஸ். பெரிய பை. பார்க்கவில்லை."

மார்லிஸுக்கு முகம் சுட்டது. எழுந்து விளக்கம் சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள். தலைவர் அன்றே பைச் சோதனையை நிறுத்தினார்.

வெளியே வந்ததும், "ஆறு தடவையும் நீ எனக்குப் பின்னாடியா நின்ன? நான் திரும்பிக்கூடப் பாக்கலையே" என்றாள் மார்லிஸ்.

"இப்பப் பாத்துட்ட இல்ல?"

"பாத்துட்டேன். துணைக்கு நிக்கிறேன்னு உன் பேச்சைப் பிடுங்கினேன். இனிமே முதல்ல காதைக் குடுக்கிறேன். தப்புப் பண்ணினா, பண்ணின இடத்துலயே ஒத்துக்கிறேன்."

வெர்னிதா சிரித்தாள். "அந்த ஹாட்டிஷ் இருக்கா?"

"தின்னுட்டேன்."

"அப்ப புதுசாப் பண்ணு. யாரும் சாகாமயே ஒரு தடவை சாப்பிடலாம்."