பின்சீட்டு முயல்கள்

குடிபெயர்கிறவர்கள் பண்டபாத்திரத்தைப் பத்திரமாகக் கொண்டுபோவார்கள். கறிக்கடைக்காரரின் மகனோ சாமான்களை லாரியில் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு முயல்களைக் காரில் ராஜமரியாதையோடு ஏற்றினான். பின்சீட்டின் நடுவில் அவற்றின் கூடை. ஒரு பக்கம் கறிக்கடைக்காரர். மறுபக்கம் அவருடைய சம்பந்தி, தையல்காரர்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த சட்டை இறுக்குகிறது என்று கறிக்கடைக்காரர் நாலு பேர் முன்னால் சொல்லப்போக, "துணி சரியாத்தான் இருக்கு, தொந்திதான் அளவு மீறிடுச்சு" என்று தையல்காரர் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு சரி.

இப்போது இருவருமே மனைவியை இழந்தவர்கள். புது ஊரில் பிள்ளைகளோடு இருக்கப் போகிறார்கள். கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறை இல்லாத வீட்டில் காலை வைக்கமாட்டேன் என்று கறிக்கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். மகனும் மண்டையை ஆட்டியிருந்தான். அவன் எதற்குத்தான் ஆட்டமாட்டான்!

முயலுக்கு வேர்க்கக் கூடாதென்று ஏசியை முறுக்கிவிட்டதில் கிழவர்கள் இருவருக்கும் பல் கிட்டியது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் "கொஞ்சம் பொறுங்கப்பா." முயலுக்குத் தண்ணீர் காட்ட மட்டும் நிழல் கண்ட இடமெல்லாம் வண்டி நின்றது.

எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்தது. முயல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"பாருங்க மாமா!" மருமகள் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "வீட்ல ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சுக்கிச்சுங்க. ஒரே கூடைல போட்டு தூரமா கூட்டிட்டுப் போனா பயத்துல ஒண்ணாயிடும்னாங்க. ஆயிடுச்சு!"

"யார் சொன்னது?"

"முயல் வளக்கறவங்க."

"நான் அறுத்தவன். என்னை ஒருத்தரும் கேக்கலையே."

"அப்பா, அதுங்க முன்னாடி அப்படிப் பேசாதீங்க" என்றான் மகன்.

காது நீளமாக இருந்தால் பேச்சுப் புரிந்துவிடுமா? தடிமாட்டு வயசாகியும் இவனுக்குப் புத்தி வரவில்லையே.

மகனும் மருமகளும் கண்ணால் பேசிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்தார். கிழட்டு ஆட்டைக் குட்டியென்று தலையில் கட்ட வருகிறவனின் முழி அது. அவர் பார்க்காததா? கூடையைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். சுருக்கென்றது.

"டேய், புது வீட்ல எத்தனை ரூம்?"

"மூணுப்பா."

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. அவருக்கு ஒண்ணு. சரிதானே?"

மகன் தேவையில்லாமல் கியரை மாற்றினான். மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல மாமா... நீங்களும் அப்பாவும் ஒரே ரூம். பேச்சுத் துணையா இருக்கும்ல."

"மூணாவது?"

"அதுங்களுக்கு ஓடியாட இடம் வேணும்ல..."

"மாப்ள, வண்டிய நிறுத்துங்க" என்றார் தையல்காரர்.

வண்டி ஓரங்கட்டியது. இருவரும் ஆளுக்கொரு கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"சம்பந்தி, நம்மளையும் கூடைல போட்டுத்தான் கூட்டிட்டுப் போறாங்க" என்றார் தையல்காரர்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் உக்காந்திருந்தீங்களா?"

"நீங்க மட்டும் என்ன, ஊசில நூல் கோத்துட்டிருந்தீங்களா?"

மகன் ஓடிவந்து கெஞ்சினான். ஆளுக்கோர் அறை இல்லாமல் ஏறுவதில்லை என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்போ முயலுங்க எங்கப்பா இருக்கும்?"

"உங்க ரூம்ல போடும்மா" என்றார் தையல்காரர். "புருஷன் பொண்டாட்டிக்குப் பேச்சுத் துணையா இருக்கும்."

மகன் சத்தியம் செய்தான். அதை இரண்டு தடவை செய்யவைத்த பிறகுதான் கறிக்கடைக்காரர் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும், "பெரிய ஜன்னல் வச்ச ரூம் எனக்கு" என்றார்.

தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.