கார்த்திகை ஒன்றுக்குள்

முத்துக்கனியின் உயிருக்கு நடைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று வாடகைக் கார் ஓட்டுகிற ரதீஷ் விலை வைத்திருந்தான். வாரத்துக்கு மூன்று நடை. அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரி, அங்கே நாலு மணி நேரம் டயாலிசிஸ், திரும்ப வீடு. ஊரில் இதைக் கொள்ளை என்றவர்கள் உண்டு. அவள் கணவர் வைகுண்டராஜன் அப்படிச் சொல்லவில்லை. முப்பது வருஷம் மாட்டுத்தரகு பார்த்த மனிதர். கிடைக்காமல் போகக்கூடியதற்குத்தான் விலை, மற்றதற்கெல்லாம் வெறும் ரேட்டு என்பது அவருக்குத் தெரியும்.

கிடைக்காமல் போகிற நாளும் வந்தது. ஐப்பசி பாதியில் ரதீஷ் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“மாமா, கார்த்திகை ஒண்ணுல இருந்து நம்ம வண்டி சபரிமலை சீசனுக்குப் போகுது. தை பொறந்துதான் திரும்புவேன். கோவிச்சுக்கப்பிடாது.”

“வேற வண்டி சொல்லி உடு மக்கா.”

“எல்லா வண்டியும் சீசனுக்குத்தான் மாமா. கேட்டுப் பாத்துட்டுத்தான் வாறேன்.”

வைகுண்டராஜனும் மார்த்தாண்டம் வரைக்கும் போன் போட்டுப் பார்த்தார். இல்லை. பஸ்ஸில் போகலாமென்றால் போகும்போது அவளுக்கு மூச்சு வாங்கும், வரும்போது தலை சுற்றும். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பதினோரு மணிக் கட்டில். அந்த நேரத்துக்கு ஆள் படுக்காவிட்டால் வராந்தாவில் காத்திருக்கிற அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். ஆவணியில் ஒரு நாள் அப்படித் தவறிப்போய், முத்துக்கனி விடிய விடிய உட்கார்ந்தபடி மூச்சைத் தேடினாள். அதை இன்னொரு தடவை பார்க்க அவருக்கு உத்தேசம் இல்லை.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் நந்தனா புதுக் கார் வாங்க முன்பணம் அனுப்பினாள். ஷோரூமில் விலை பேசும்போது, பழக்கதோஷத்தில், வைகுண்டராஜன் தோள்துண்டை எடுத்து விற்பனையாள் பெனிஷின் கைமேல் போட்டு அதற்கு அடியில் அவன் விரல்களைப் பிடித்தார். சந்தையில் அதுதான் பேச்சு. பிடிக்கிற விரல்தான் தொகை, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. பெனிஷுக்கும் விளங்கவில்லை. பெரியவருக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து, “சாருக்குத் தண்ணி கொண்டுவா!” என்று கத்தினான். தண்ணீரோடு ரப்பர் மிதியடி ஒரு செட்டு இலவசமாக வந்தது. வந்தவரை லாபம்.

வியாழக்கிழமை வெள்ளைக் கார் வீட்டுக்கு வந்தது. கார்த்திகை ஒன்று திங்கட்கிழமை.

வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்ல அவர். மாடு ஏற்றுகிற பழைய ஜீப்பை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர்; போன வருஷம்தான் அது இரும்புக்கடைக்குப் போயிற்று. அதன் ஸ்டியரிங்கைக் கால் சுற்று சும்மா சுற்ற வேண்டும். அப்புறம்தான் சக்கரத்துக்குச் சேதி போகும். மிச்சத்துக்குத் தோளைக் கொடுக்க வேண்டும். புதுக் காரோ சொல்லி முடிக்கும் முன்னே தலையாட்டுகிற மாப்பிள்ளை மாதிரி. அன்று சாயங்காலம் முதல் திருப்பத்தில் ஜீப்புக்குக் கொடுக்கிற பலத்தைக் கொடுத்தார். கார் நேரே செல்லக்கனியின் தோட்டத்துக்குள் இறங்கி, குலை தள்ளிய மட்டி வாழை ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது.

செல்லக்கனி இடுப்பில் கை வைத்து நின்றாள். “அண்ணாச்சி, ரோடு அங்கன கெடக்கு. இது எனக்க தோட்டமாக்கும்.”

“தெரியும். குலை முத்திட்டான்னு பாக்க வந்தேன்.”

முத்தாத குலைக்கு முத்திய விலை கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் காற்றாலைகளுக்கு நடுவே போகிற ஆளில்லாத தார்ச்சாலைக்குப் போனார். விடிந்ததும் ஒரு மணி நேரம், வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம். ஸ்டியரிங்கை விட்டால் ஓடிவிடும் என்பதுபோல் பிடித்தார். கார் வலப்பக்கம் போகும், இழுப்பார், இடப்பக்கம் பாயும், மறுபடி இழுப்பார். சாரைப்பாம்பு போன தடம்தான். ஒரு கிலோமீட்டருக்குள் சக்கரம் தாரை விட்டு இறங்கியது வெள்ளிக்கிழமை பதினேழு தடவை. சனிக்கிழமை பதினாலு. இந்த வேகத்தில் போனால் திங்களன்று எட்டு என்று மனக்கணக்குப் போட்டார். எட்டு தடவை இறங்க நாகர்கோவில் சாலையில் ஓரம் ஏது? வாய்க்கால்தான் உண்டு.

டீக்கடைக்காரர் பிரைட்டன் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார். “ஓய், கார் ஒரு வழியாப் போகுதாம், நீரு ஒரு வழியாப் போறீராம்?”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் வே போறோம். பேரம் முடியல்ல, அவ்வளவுதான்.”

“முடியல்லன்னா?”

“முடிக்காம நான் சந்தையை விட்டு வந்திருக்கேனா?” டீயை வைத்துவிட்டு மறுபடி காருக்குள் ஏறினார்.

ஞாயிறு காலையில் பன்னிரண்டு. சாயங்காலம் கிளம்பும்போது முத்துக்கனி வந்து முன்கதவைத் திறந்தாள்.

“நீ எதுக்குட்டி?”

“நாளைக்குக் கேறத்தானே போறேன். இண்ணைக்கே கேறிப் பாக்கேன்.”

“நீ இருந்தா எனக்குக் கை நடுங்கும்.”

“நடுங்கட்டும். இப்பம் இருக்கப்பட்ட பிடிக்கு அதே தேவலை.”

அரை கிலோமீட்டர் போயிற்று. சக்கரம் ஐந்தாவது தடவை சரளையில் இறங்கி ஏறியபோது முத்துக்கனி அவருடைய விரல் முட்டிகளையே பார்த்தாள். வெளுத்துப்போயிருந்தன.

“இஞ்ச பாருங்க. எனக்க கையை இப்பிடிப் பிடிச்சிருந்தீங்கன்னா நான் என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்.”

வைகுண்டராஜன் காரை நிறுத்தினார்.

அவளுடைய இடக்கையில் டயாலிசிஸ் ஊசிக்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் ஒன்று உண்டு. மாவு மில் ஓடும்போது சுவரில் கை வைத்தாற்போல அதில் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். அது இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பது அவர் வேலை. முதல் வாரம் அழுத்திப் பிடித்துப் பார்த்து, ஓட்டம் நின்றுபோயிற்று என்று வீட்டையே இரண்டாக்கி, ரதீஷை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நர்ஸ் சிரித்தாள். அழுத்தினால் எப்படித் தெரியும், ரெண்டு விரலைச் சும்மா வையுங்க என்றாள். அன்றிலிருந்து சும்மா வைக்கிறார். துண்டுக்கு அடியிலும் அதே கதைதான். இறுக்கிப் பிடிக்கிறவனுக்கு எதிராளியின் மனது தெரியாது. அவன் நஷ்டப்பட்டுத்தான் வீடு திரும்புவான். இதெல்லாம் அவருக்குத் தெரிந்த பாடம்தான். தெரிந்ததை இந்த வளையத்தின்மேல் கொண்டு வைக்கத்தான் நாலு நாளாயிற்று.

உள்ளங்கையை விலக்கி விரல்களை மட்டும் வைத்தார். கார் நகர்ந்தது. ஒட்டுப்போட்ட தார், மழை அரித்த ஓரம், பக்கவாட்டில் தள்ளுகிற காற்று, ஒவ்வொன்றும் விரலுக்கு வந்து சேர்ந்தது. திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வந்தது. அவர் இழுக்கவில்லை, வழிவிட்டார். அந்தக் கிலோமீட்டரில் இறங்கியது மூன்றே தடவை.

“பேசுது, முத்து.”

“என்ன சொல்லுது?”

“நானே போவேன், நீரு கூட வந்தா போரும்ங்குது.”

“வெவரமான சாதனம்தான்.”

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினார்கள். மயிலாடி தாண்டும் வரை எல்லாம் ஒழுங்கு. வழுக்கம்பாறையில் மழை பிடித்தது. சுசீந்திரத்தில் மாலை போட்ட சாமிமார் வேன்களும் பஸ்களும் சாலையை அடைத்து நின்றன. அங்கேயே இருபது நிமிடம் போயிற்று. இன்ஜின் ஒரு தடவை அணைந்தது. பின்னால் ஆரன் அடிக்க அடிக்க, அவர் கை தன்னை அறியாமல் இறுகியது. கார் ஒரு வேனின் பக்கமாய்ச் சாய்ந்தது.

“கை,” என்றாள் முத்துக்கனி. அவ்வளவுதான். விரல்கள் இளகின.

கோட்டாறு கடைத்தெருவில் நேரம் பத்து முப்பத்தாறு. இடப்பக்கம் அரிசி மூட்டை இறக்குகிற லோடு ஆட்டோ, எதிரே பஸ். நடுவில் இருந்த இடம் காருக்குப் போதுமா என்று காரே யோசிக்கும். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, அவருடைய வயதையும் லைசென்ஸையும் தாயாரையும் விசாரித்தான். பின்னால் போக வழியில்லை. மூட்டைகள் இறங்கும் வரை காத்திருந்தால் பதினோரு மணியாகும்.

மூச்சை மெதுவாக விட்டார். விரல் வைத்தார். நடையைவிடக் குறைந்த வேகத்தில் கார் உள்ளே நுழைந்தது. வலப்பக்கம் பஸ்ஸின் தகரம் கையெட்டும் தூரத்தில் நகர்ந்தது. கொஞ்சம் இடம், இன்னும் கொஞ்சம், அப்படியே வழிவிட வேண்டும். இடப்பக்கத்தில் ‘படக்’ என்று ஒரு சத்தம்.

“கண்ணாடி போச்சு,” என்றார், நிறுத்தாமல்.

“கட்டில் போகல்ல. விடுங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் பத்து நாற்பத்தொன்பது. பதினோரு மணிக்கு முத்துக்கனி தன் கட்டிலில் படுத்திருந்தாள். ஊசி ஏறி, மெஷின் சுழல ஆரம்பித்திருந்தது. வைகுண்டராஜன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கைகளைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு அன்றைய கணக்கைப் பார்த்தார். வரவு: பதினோரு நிமிடம், நாலு மணி நேர ரத்தம். செலவு: கண்ணாடி ஒன்று, இன்ஜின் அணைந்தது ஒரு தடவை, வசவு மூன்று, அதில் ஒன்று நியாயம். பாக்கி: பதினெட்டு கிலோமீட்டர், திரும்பிப் போக.