நீங்களே பாத்துப் போடுங்க

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன். அந்தப் பெண் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "நீங்களே பாத்துப் போடுங்க சார்" என்றாள். 'சார்' வாயிலிருந்து விழுவதற்குள் என் திரையில் பச்சை வந்துவிட்டது.

பச்சை என்றால் ஆள் நிலைப்பார், எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். எங்கள் மென்பொருள் கம்பெனியில் ஆள் எடுப்பது என் வேலை. இப்போதெல்லாம் ஆளைப் பார்ப்பது கம்ப்யூட்டர்தான். நான் கம்ப்யூட்டரைப் பார்க்கிறேன். இதுவரை சேர்ந்த அத்தனை பேரின் நேர்காணல் பதிவுகளையும் அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். யார் எப்படிப் பேசினார்கள், அவர்கள் எத்தனை வருஷம் தாங்கினார்கள் என்று பொருத்திப் பார்த்து, எதிரே இருப்பவர் ஓடுவாரா, இருப்பாரா என்று சொல்லிவிடும். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். துணியைத் தொடும் விரலை வைத்தே அப்பா சொல்லிவிடுவார், இந்த அம்மா பேரத்தில் நம்மை உரித்துவிடுவாள், இவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார் என்று. இரண்டாவது ரகத்துக்குத்தான் கடையில் உபசாரம் அதிகம். கம்ப்யூட்டர் தேடுவதும் அதே ரகத்தைத்தான். நாற்காலி மட்டும் இங்கே சுழலும்.

இவளுடைய அப்பா எங்களிடம் வேலை பார்த்தவர். 'தூண்' என்று கூப்பிடுவோம். சேர வந்த அன்று இதே வார்த்தையைத்தான் சொன்னார். பதிவு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகும் எதுவும் கேட்டதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மதியம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "இத முடிச்சுட்டுப் போயிடறேன்" என்றார். முடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அதன் அகராதியில் வேலையை விட்டவர் என்றால் ராஜினாமா கொடுத்தவர். தூண் கொடுக்கவில்லையே. அதனால் அதன் கணக்கில் அவர் இன்னும் இருக்கிறார், எல்லாரையும்விட அதிக நாள் நிலைத்தவராக, வருகிறவர்களுக்கெல்லாம் அளவுகோலாக. இதைத் திருத்தச் சொன்னபோது மேலாளர் சிரித்தார். "ஏம்ப்பா, அவர மாதிரி இன்னும் பத்துப் பேர் கிடைச்சா உனக்குக் கசக்குதா?"

இவளுடைய நேர்காணலும் பதிவாகிக்கொண்டிருந்தது. நான் முன்னால் சாய்ந்தேன்.

"கருவேப்பிலை வாங்கப் போனாக்கூட ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பாங்கம்மா. கேளு. கொஞ்சம் கூட்டிக் கேளு. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்னாவது கேளு."

"ஐயோ, கேட்டா சிவப்பு விழும்னு சொல்றாங்களே சார்."

"விழட்டுமே."

அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க ஈசியா சொல்லிடலாம் சார். தம்பி படிச்சிட்டிருக்கான். அம்மா வேலைக்குப் போனதே இல்ல. வேற ரெண்டு எடத்துல சிவப்பு வாங்கிட்டுத்தான் இங்க வந்திருக்கேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளு, கேளு!" என் வம்சத்தில் யாரும் எதிராளியின் பேரத்துக்காக இப்படி ஏங்கியிருக்க மாட்டார்கள்.

"அப்பாவோட ஸ்வெட்டர் இங்க இருக்கா? சாம்பல் கலர். அம்மா வீடு பூரா தேடறாங்க."

இருந்தது. ஏசிக் குளிருக்காக அவர் நாற்காலி முதுகிலேயே தொங்கவிட்டிருப்பார். அந்த இடத்துக்கு வந்த புதுப் பையன் எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்திருந்தான். என் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகத்தருகே கொண்டுபோனவள், நான் பார்ப்பதை உணர்ந்து இறக்கிவிட்டாள்.

"திங்கக்கிழமையே வந்துடட்டுமா சார்?"

தலையசைத்தேன். வேறு என்ன செய்வது? திரையில் கடைசி வரி தானாகவே நிரம்பியிருந்தது: 'கோரிக்கைகள் எதுவும் இல்லை.' பச்சை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகியிருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் லிஃப்டுக்காக நின்றாள். குளிர்ந்திருக்க வேண்டும், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். கைகள் இரண்டும் உள்ளே காணாமல் போயின. ஸ்வெட்டர் கையை ஒரு மடிப்பு மடித்தாள், போதவில்லை. விரல்கள் வெளியே தெரியும்வரை, அவசரமே இல்லாமல், மடித்துக்கொண்டே இருந்தாள்.