படகின் கடைசி இலக்கம்

அஸீஸாவுக்கு நிலைகொள்ளவில்லை. றிஸ்லாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கணினித் திரையையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கணவன் ஸிராஜ் போன படகு கடலிலிருந்து திரும்பவில்லை. படகின் படம் கிடைத்தால் பொத்துவில் பக்கத்து மீனவர்களுக்கு அனுப்பித் தேடலாம் என்று ஊர் மீனவர் சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பிறகு எடுத்தது ஒரேயொரு படம்தான். அதுவும் அவள் கை ஆடியதால் மங்கலாக விழுந்தது.

பக்கத்து வீட்டு றிஸ்லா கலியாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பவள். பதற்றத்தில் படம் முழுவதையும் ஷார்ப் செய்து கூர்மையாக்கினாள். கடலும் மணலும் பொரிபொரியாகக் கிளம்பிப் படகின் பதிவு இலக்கத்தை விழுங்கின.

"என்ன புள்ள, இன்னும் மோசமாப் போச்சே!"

"கொஞ்சம் பொறுங்க ராத்தா."

படத்தின் மேல் மாஸ்க் என்ற கறுப்புத் திரையைப் போட்டுக் கூர்மை முழுவதையும் மறைத்தாள். பிறகு வெள்ளைத் தூரிகையால் படகின் முன்பக்கத்தை மட்டும் தடவினாள். தடவிய இடம் மாத்திரம் தெளிந்தது. புதிதாக அடித்த மஞ்சள் பட்டி எழும்பியது. இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி இலக்கம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மூன்றா, எட்டா? கூர்மையை இன்னும் கூட்டினாள். ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்து எட்டுப் போலானது. றிஸ்லா தூரிகையை நிறுத்தினாள். அந்தக் கோடு படகில் இருந்ததா, தான் உண்டாக்கியதா?

"எட்டுத்தானே? அப்பிடியே அனுப்பு புள்ள."

"உங்களுக்கு நல்லா ஞாபகமா?"

"அல்லாஹ்வே, எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல!"

"அப்ப அனுப்பேலாது ராத்தா. நம்பர் பிழைச்சா, கண்ணுக்கு முன்னால கண்டாலும் வேற போட் எண்டு உட்டுட்டுப் போயிருவாங்க."

அஸீஸா கோபத்தோடு வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். றிஸ்லா கடைசி இலக்கத்தின் மேல் கறுப்புத் தூரிகையை ஓட்டி, பழைய மங்கலையே திரும்பக் கொண்டுவந்தாள். 'கடைசி இலக்கம் தெளிவில்லை, மஞ்சள் பட்டியைப் பாருங்கள்' என்று எழுதிச் சங்கத்தாருக்கு அனுப்பினாள்.

நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது. ஊற்றிய தேநீரை இருவரும் தொடவில்லை. போன் சும்மா கிடந்தாலும் அஸீஸா அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

பின்னேர அஸர் தொழுகைக்குச் சற்று முன் அழைப்பு வந்தது. பொத்துவில் மீனவர் ஒருவர் காற்றிரைச்சலுக்கு மேலால் கத்தினார்:

"மஞ்சள் பட்டி அடிச்ச போட்! எஞ்சின் பழுதாகி மிதந்திச்சி. நம்பர் மூணுல முடியிது. கட்டி இழுத்துட்டு வாறம்!"

"ஆக்கள்? ஆக்கள் இரிக்காங்களா?"

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு கரகரத்த ஒரு குரல்.

"நான்தான் கதைக்கன். சுகமா இரிக்கன்."

ஸிராஜின் குரல். அஸீஸா போனை றிஸ்லாவிடம் நீட்டிவிட்டு, சுவரில் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழுதாள்.